ஒற்றை நாள், இரட்டை நாள்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் டெல்லிக் காற்றைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் எண்ணைப் பற்றியவை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: காரின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஒற்றைத் தேதியில் மட்டும், இரட்டைப்படை என்றால் இரட்டைத் தேதியில் மட்டும் சாலையில் வரலாம், மீறினால் அபராதம். டெல்லியில் இது 2016 ஜனவரியில் பதினைந்து நாள், அதே ஆண்டு ஏப்ரலில் மறுபடி பதினைந்து நாள், பிறகு 2019 நவம்பரில் 4 முதல் 15 வரை என்று மூன்று முறை நடந்தது.

கேள்வி: 2016 ஜனவரியில் சாலை காலியாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் என் மகன் அதெல்லாம் வெறும் விளம்பரம், காற்றில் ஒரு மாற்றமும் இல்லை என்கிறான். யார் சொல்வது சரி? (வாசகி, மயூர் விஹார், டெல்லி)

உங்கள் நினைவும் சரி, மகன் சொல்வதிலும் பெரும்பகுதி உண்மை இருக்கிறது. அந்த ஜனவரியில் நானும் டெல்லியில்தான் இருந்தேன், முனிர்காவில் உறவினர் வீட்டில். முதல் தேதி வெள்ளிக்கிழமை, புத்தாண்டு, அன்று எதுவும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை ஐ.டி.ஓ. சந்திப்பை ஆட்டோவில் கடந்தபோதுதான், வழக்கமாக மூன்று சிக்னல் காத்திருக்கும் இடத்தில் நிற்காமலே போய்விட்டோம் என்பது உறைத்தது. எதிர் வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் பல வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள், அந்த வாரம்தான் முதல்முறையாக ஒரே காரில் அலுவலகம் போனார்கள். அப்போது பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பள்ளிப் பேருந்துகளைப் பொதுமக்களுக்காக ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார் குறைந்தது ஒரு காரணம் என்றால், பள்ளிக்குக் குழந்தைகளைக் கொண்டுபோய் விடும் ஓட்டமே இல்லாமல் போனது இன்னொரு காரணம்.

காற்று விஷயத்தில், சிகாகோ பல்கலைக்கழகத்தையும் ஹார்வர்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அளவீடுகளைப் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜனவரியில், கட்டுப்பாடு இருந்த நேரத்தில் மட்டும் நுண்துகள் 14 முதல் 16 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஏப்ரலில் ஒன்றும் குறையவில்லை. கட்டுப்பாடு காலை 8 முதல் இரவு 8 வரைதான், லாரிகள் ஊருக்குள் வருவதோ இரவில். பகலில் கிடைத்த கொஞ்சம் லாபத்தை இரவு விழுங்கிவிடும்.

ஐ.ஐ.டி. கான்பூரின் கணக்கு ஒன்று இருக்கிறது, டெல்லி அரசுக்காகவே செய்தது. அதன்படி நகரத்தின் நுண்துகளில் வாகனங்களின் பங்கு ஐந்தில் ஒன்று, சாலைத் தூசிக்கு அதைவிட அதிகம். வாகனங்கள் வெளியிடும் அந்த ஐந்தில் ஒன்றிலும் லாரிகள் 46 சதவீதம், இருசக்கர வாகனங்கள் 33 சதவீதம், கார்கள் சுமார் 10 சதவீதம். அந்தப் பத்திலும் பாதியைத்தான் ஒவ்வொரு நாளும் நிறுத்தினார்கள். காற்றைக் காட்டி இந்தத் திட்டத்தை விற்றதுதான் தவறு என்று நினைக்கிறேன். இதை நெரிசலுக்கான மருந்து என்று சொல்லியிருந்தால் உங்கள் மகனுடன் சண்டையே வந்திருக்காது.

கேள்வி: மறுபடி இந்தச் சட்டம் வந்தால் என்ன செய்வது என்று என் மைத்துனர் இப்போதே யோசிக்கிறார். வீட்டில் இருப்பது ஒற்றை எண் கார், இரட்டை எண்ணில் ஒரு பழைய மாருதி வாங்கிப் போட்டால் கவலை இல்லை என்கிறார். புத்திசாலித்தனமான யோசனையா? (வாசகர், துவாரகா, டெல்லி)

அவரிடம் மெக்சிகோ நகரத்தின் கதையைச் சொல்லுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த கிண்ணம் மாதிரியான பள்ளத்தாக்கு அது. குளிர்காலத்தில் புகை வெளியேற வழியில்லாமல் ஊர் மேலேயே நிற்கும். 1989 நவம்பர் 20 அன்று அங்கே "ஓய் நோ சிர்குலா" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், "இன்று ஓடாது" என்று பொருள். கடைசி எண்ணைப் பொறுத்து ஒவ்வொரு காருக்கும் வாரத்தில் ஒரு வேலைநாள் ஓய்வு. 5, 6 என்றால் திங்கள், 7, 8 என்றால் செவ்வாய், இப்படி வெள்ளி வரை, ஒவ்வொரு நாளுக்கும் மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு நிறம். ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று தொடங்கியது, நிரந்தரமாகிவிட்டது.

அப்போது மெக்சிகோக்காரர்களும் உங்கள் மைத்துனர் மாதிரியேதான் யோசித்தார்கள். பொருளாதார அறிஞர் லூகாஸ் டேவிஸ் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது. காற்று மேம்பட்டதற்குத் தடயமே இல்லை, மெட்ரோவில் கூட்டம் கூடவில்லை, பெட்ரோல் விற்பனை குறையவில்லை. கூடியது ஊரில் ஓடும் கார்களின் எண்ணிக்கை, அதிலும் பழைய கார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாளைச் சமாளிக்க வாங்கிய இரண்டாவது கார் அந்த ஒரு நாளோடு நிற்காது இல்லையா? வாசலில் சாவியோடு நிற்கிற வண்டியை வீட்டில் யாராவது எடுப்பார்கள், மகள் கல்லூரிக்கு, தம்பி கடைக்கு. பழைய வண்டி என்பதால் புகையும் அதிகம். ஏதென்ஸிலும் 1982-இல் ஒற்றை இரட்டை கொண்டுவந்தபோது ஆட்கள் இரண்டாவது காரைத்தான் தேடிப் போனார்கள்.

இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. அது காரின் எண்ணைப் பார்க்கிறது, அந்தக் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. டெல்லியில் பதினைந்து பதினைந்து நாளாக வந்ததால் யாரும் இரண்டாவது கார் வாங்கும் அளவுக்குப் போகவில்லை. நிரந்தரமானால் போவார்கள். மைத்துனர் அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, துவாரகாவிலிருந்து நீலத்தட மெட்ரோவில் ஏறட்டும். அப்புறம் இன்னொன்று, டெல்லியில் பத்து வருடம் கடந்த டீசல் காருக்கும் பதினைந்து வருடம் கடந்த பெட்ரோல் காருக்கும் இருக்கும் சட்டச் சிக்கல் தெரியுமல்லவா, பழைய மாருதி வாங்குகிறவர் அதையும் யோசிக்க வேண்டும்.

கேள்வி: பூஜ்யத்தில் முடியும் எண் ஒற்றையா, இரட்டையா? (வாசகர், திருச்சி)

இரட்டை. டெல்லி விதியிலேயே அப்படித்தான் இருந்தது. எண் என்றதும் பெய்ஜிங் ஞாபகம் வருகிறது. 2008 ஒலிம்பிக்ஸுக்காக அங்கே ஒற்றை இரட்டை வைத்தார்கள், பிறகு அதை வாரத்தில் ஒரு நாள் தடையாக மாற்றித் தொடர்ந்தார்கள், எந்த எண்ணுக்கு எந்த நாள் என்பது சில மாதங்களுக்கு ஒருமுறை சுழலும். சீன மொழியில் நான்கு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. அதனால் நான்கில் முடியும் எண்ணைப் பலரும் வாங்குவதில்லை, ஆகவே நான்குக்குத் தடை வரும் நாளில் வீட்டில் நிற்கிற கார்கள் குறைவு, அன்றைக்குச் சாலையில் மற்ற நாட்களைவிட நெரிசல் அதிகம். சட்டம் போடுகிறவர்கள் ஊரின் நம்பிக்கைகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: பெண்கள் ஓட்டும் காருக்கும் பைக்குகளுக்கும் விலக்கு கொடுத்ததே திட்டம் தோற்றதற்குக் காரணம் என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (வாசகர், நொய்டா)

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2017-இல் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. இந்த விலக்குகள் இல்லாமல் நடத்துங்கள் என்றது, டெல்லி அரசு அந்த ஆண்டு நவம்பரில் நடத்தவிருந்த திட்டத்தையே கைவிட்டுவிட்டது. ஏன் கைவிட்டது என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை பைக்குகளையும் ஒரே காலையில் நிறுத்தினால் அவர்களை ஏற்றிக்கொள்ளப் பேருந்து எங்கே? டெல்லிக்குப் பத்தாயிரம் பேருந்து வேண்டும், 2001 ஏப்ரல் 1-க்குள் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1998-இல். கெடு முடிந்து இருபது வருடம் தாண்டியும் அந்த எண்ணை நகரம் எட்டவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான கோபம் இருக்கிறதென்றால் அது இதில்தான். காரை நிறுத்தச் சொல்ல ஒரு அறிவிப்பு போதும், பேருந்து வாங்க வருடக்கணக்கில் உழைக்க வேண்டும், அதனால் எல்லா அரசுகளும் முதல் வேலையையே செய்கின்றன.

பெண்களுக்கான விலக்கைப் பொறுத்தவரை, இரவு எட்டு மணிக்கு முன்பேகூட வீடு திரும்பப் பயப்பட வைக்கிற ஊரில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2019 அக்டோபர் 29 அன்று அங்கே பெண்களுக்குப் பேருந்துக் கட்டணத்தை நீக்கி, இளஞ்சிவப்புச் சீட்டு கொடுத்தார்கள். காரை நிறுத்தச் சொல்லும் முன் இப்படி ஒரு வழி திறப்பதுதான் முறை.

கேள்வி: எண்ணைப் பார்ப்பதற்குப் பதில், காரில் மூன்று பேர் இருந்தால் விடலாம் என்று வைக்கலாமே? (வாசகி, மதுரை)

ஜகார்த்தாவில் 1992 முதல் அப்படித்தான் வைத்திருந்தார்கள். நெரிசல் நேரத்தில் முக்கியச் சாலைகளில் மூன்று பேர் இருந்தால்தான் கார் போகலாம். விளைவு, சாலையோரத்தில் காசுக்கு ஏறிக்கொள்ளும் கூட்டம் உருவானது. "ஜாக்கி" என்று அவர்களுக்குப் பெயர். கைக்குழந்தையோடு நின்ற பெண்களும் உண்டு, குழந்தையும் ஒரு ஆள் கணக்கு. அந்தக் குழந்தைகளின் நிலைமைதான் 2016-இல் திட்டத்தை நிறுத்த முக்கியக் காரணம். ஆனால் நிறுத்தியதும் நடந்தது என்ன தெரியுமா? கூகுள் மேப்ஸ் தரவை வைத்துச் செய்த ஆய்வில் மாலை நேரத்துத் தாமதம் 87 சதவீதம் கூடியிருந்தது. ஓட்டை நிறைந்த அந்த விதிகூட நிஜமாகவே ஏதோ செய்துகொண்டிருந்திருக்கிறது. சில மாதங்களில் அதே நகரம் ஒற்றை இரட்டைக்கு மாறியது.

கேள்வி: சிங்கப்பூரில் சிவப்பு நம்பர் பிளேட் கார் இருக்கிறதே, அதுவும் இதே வகையா? (வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பிளேட்டை வைத்து நேரத்தைக் கட்டுப்படுத்துவது என்ற அளவில் ஆமாம். ஆனால் இதை யாரும் திணிக்கவில்லை. 1991-இல் வார இறுதிக் கார் என்று தொடங்கியது, வேலைநாளில் பகலில் எடுக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறவருக்கு வரியில் சலுகை. அவசரத்துக்குப் பகலில் எடுக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி எடுக்கலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் இரண்டாவது கார் வாங்கித் தப்பிக்க இதில் வழியே இல்லை. கார் வாங்கும் உரிமையையே 1990 முதல் ஏலத்தில் விடுகிற ஊர் அது. அதோடு, காரைக் கீழே விட்டுவிட்டு எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: சென்னைக்கும் இது வருமா? (வாசகர், வேளச்சேரி)

வரக்கூடாது என்றே விரும்புகிறேன், இப்போதைக்கு. இங்கே சாலையில் பெரும்பான்மை இருசக்கர வாகனம், கார்களில் பாதியை நிறுத்திப் பெரிதாக ஒன்றும் ஆகாது. முதலில் பேருந்து.

கேள்வி: என் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், டெல்லி மருத்துவமனைக்குத்தான் போகிறோம். எங்களுடையது டீசல் கார். மறுபடி ஒற்றை இரட்டை வந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. (வாசகி, காஜியாபாத்)

பயப்படாதீர்கள் அம்மா. 2016-இல் மருத்துவ அவசரத்துக்கு விலக்கு இருந்தது, சொல்வதை நம்பிப் போக விட்டார்கள், ஆனாலும் மருத்துவமனைச் சீட்டு கையில் இருப்பது நல்லது. கடைசியாக 2023 நவம்பரில் இது வருவதாக இருந்தது, அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் இதன் பயனைக் கேள்வி கேட்டது, மழை பெய்து காற்று கொஞ்சம் தெளிந்ததும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

ஆனால் நீங்கள் இன்றைக்குக் கவனிக்க வேண்டியது கடைசி எண்ணை இல்லை. கார் பி.எஸ். 4 வகையா, பி.எஸ். 6 வகையா (வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் தரம் அது) என்று ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் காற்று கெடக் கெடப் படிப்படியாகக் கூடும் கட்டுப்பாடுகளில், மிக மோசமாகி மூன்றாம் கட்டம் வந்தால், பி.எஸ். 4 டீசல் கார்களுக்கு டெல்லியில் மட்டுமல்ல, உங்கள் காஜியாபாத்திலும் தடை. மாற்றுத்திறனாளிகள் சொந்தத் தேவைக்கு ஓட்டும் வண்டிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. உங்களுடையது பி.எஸ். 4 என்றால், நவம்பர் பிறப்பதற்குள் தெரிந்த டாக்ஸிக்காரர் ஒருவரிடம், சி.என்.ஜி. என்னும் எரிவாயுவில் ஓடும் வண்டியாகப் பார்த்து, அந்த மூன்று நாட்களுக்கும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நேரத்துக்கு டயாலிசிஸை மாற்ற முடியுமா என்று மருத்துவமனையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள், சாலையும் காலியாக இருக்கும், அப்பாவுக்கும் அலைச்சல் குறையும்.