ஆட்களை அனுப்பிவிட்டால் மலேரியா நிற்குமா?

நிற்காது. வெளியூர்த் தொழிலாளர்கள் வந்தபிறகுதான் மலேரியா பரவியது, அவர்களை அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மலேரியா ஒட்டுண்ணி ஒருவர் ரத்தத்தோடு ஊருக்குள் வரலாம்; ஆனால் அனாபிலஸ் கொசு இல்லாமல் அது பொதுவாக அடுத்தவருக்குப் பரவாது. கட்டுமானத்துக்காகத் தோண்டிய பள்ளங்களில் தேங்கிய நீர்தான் காரணமாக இருக்கும். மரங்களை வெட்டியதால் வெயில் விழும் குட்டைகள் சில அனாபிலஸ் இனங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அந்த நீரை மொண்டு பாருங்கள். கொசுப்புழு நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்திருந்தால் அனாபிலஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு.

பள்ளத்தை மூடினாலும் உடனே ஓயாது, சரியா? வைவாக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகை கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, புதிதாகக் கொசு கடிக்காமலே திரும்ப வரும். அதனால் காய்ச்சல் கண்ட எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். விரட்டுவார்கள் என்று பயந்து யாரும் காய்ச்சலை மறைக்கும்படி செய்துவிடாதீர்கள்.