சாம்பல் குழாயும் தொழில்நுட்பம்தான்

கேள்வி: செல்போன் இல்லாமல் உங்களால் ஒரு நாள் இருக்க முடியாது. ஓடிடியில் படம் பார்த்து விமர்சனமும் எழுதுகிறீர்கள். அப்புறம் எண்ணூரில் புது அனல் மின் நிலையம் வேண்டாம் என்று தலையங்கம் போடுகிறீர்கள். கரன்ட் எங்கிருந்து வரும்? ராத்திரி ஐபிஎல் மேட்ச்சை சோலாரிலா ஓட்டுவீர்கள்? வடசென்னைப் படங்களையும் விடாமல் திட்டுகிறீர்கள். எதுதான் உங்களுக்குப் பிடிக்கும்?
- ஒரு வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: கரன்ட் வேண்டும். உங்களுக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும், செப்பாக்கத்தில், அனல் மின் நிலையக் கழிவைக் கொட்டுகிற சாம்பல் குளத்தை ஒட்டிக் குடியிருப்பவருக்கும் வேண்டும். அதில் நமக்குள் தகராறு இல்லை. ஆனால் போன் வைத்திருப்பவன் புகையைப் பற்றிப் பேசக் கூடாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

கணக்கையே பார்ப்போம். தினமும் முழுசாக சார்ஜ் போட்டாலும் ஒரு போன் வருஷத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட்டுக்கு மேல் இழுக்காது. ஒன்றரை டன் ஏசி ஒரே ராத்திரியில் அதை இழுத்துவிடும். உள்நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்கச் சுமார் 700 கிராம் கரி எரிக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பலாக மிஞ்சும். ஆக, கரி கரன்ட்டில் ஒரு ராத்திரி ஏசி போட்டுத் தூங்கினால் இரண்டு கிலோ சாம்பல் எங்கோ போய்ச் சேர வேண்டும். அது அண்ணா நகரில் சேரவில்லை, அடையாறில் சேரவில்லை. ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூர் துறைமுகத்தில் இறங்கி, அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உள்ள அனல் மின் நிலையங்களில் எரிகிறது. கரன்ட் கம்பி வழியாக ஊரெல்லாம் போய்விடுகிறது. சாம்பல் இங்கேயே தங்கிவிடுகிறது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட், வல்லூர் 1,500, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டம் 800. சில கிலோமீட்டருக்குள் இவ்வளவையும் வைத்துக்கொண்டிருக்கிற மக்களிடம் போய் ‘கரன்ட் வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்பது நியாயமே இல்லை.

தொழில்நுட்பம் என்றதும் உங்களுக்கு போனும் ஓடிடியும்தான் ஞாபகம் வருகின்றன. கொசஸ்தலை ஆற்றைத் தாண்டிச் சாம்பல் குளத்துக்குப் போகிற குழாயும் தொழில்நுட்பம்தான். சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, கூழாக்கி, பம்ப் வைத்துத் தள்ளுகிறார்கள். குழாய் துருப்பிடிக்கிறது, ஓட்டை விழுகிறது, கூழ் ஆற்றில் கொட்டுகிறது. ஆற்றின் அடி மேடாகிப் படகு தரை தட்டுகிறது. கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருளர்கள். அவர்கள் கைக்கு இன்று சாம்பல்தான் அகப்படுகிறது. காட்டுக்குப்பம் மீனவர்களைக் கேளுங்கள், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்வார்கள்.

இதற்கு மாற்று கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. சாம்பலை உலர்ந்தபடியே பிடித்து சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் அனுப்பலாம். அப்படிச் செய்யச் சொல்லி மத்திய அரசின் முதல் அறிவிக்கை வந்தது 1999-ல். முழுச் சாம்பலையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற அறிவிக்கை 2021 டிசம்பர் 31-ல் வந்தது. புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கிற கருவியும் இருக்கிறது. அதற்கான வரம்பை 2015 டிசம்பரில் விதித்து இரண்டு வருஷம் கெடு கொடுத்தார்கள். கெடுவைத் தள்ளித் தள்ளி, கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே பத்து வருஷத்தில் நம் கையிலிருக்கும் போன் 3ஜி-யிலிருந்து 5ஜி-க்குப் போய்விட்டது. காசு கொடுத்து வாங்குகிறவன் கைக்கு வர வேண்டிய தொழில்நுட்பம் ஓடி வருகிறது. ஏழையின் மூச்சைக் காக்க வேண்டிய தொழில்நுட்பத்துக்குத்தான் ஒவ்வொரு முறையும் கால நீட்டிப்பு. எனக்குக் கோபம் இதில்தான்.

ஐபிஎல் கேள்வி நல்ல கேள்வி, அதை மழுப்ப மாட்டேன். மேட்ச் ஆரம்பிப்பது இரவு ஏழரைக்கு. அந்த நேரத்தில் சோலார் பூஜ்யம். ஏப்ரலில், காற்றாலைகள் நிற்கிற முப்பந்தல் பக்கமும் காற்று வலுக்காது, அதற்கு மே கடைசியாவது ஆக வேண்டும். ஆகவே பகலில் எடுத்ததைச் சேமித்து வைக்க வேண்டும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலிருந்து இருக்கிறது. கரன்ட் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இப்போது பெரிய பேட்டரிகளும் வந்துவிட்டன. நாளைக்கே கரியை நிறுத்திவிடலாம் என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அடுத்த ரூபாயை எதில் போடுவது என்றுதான் எழுதுகிறேன்.

கூரை சோலாரும் நம் பக்கம் அவ்வளவு சுலபமாக வராது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கொடுக்கிறார்கள். ஆனால் மொட்டை மாடி சொந்தமாக இருந்தால்தானே? தண்டையார்பேட்டை லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் எங்கே மாட்டுவார்? ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரே மாடிக்கு எத்தனை குடும்பம்? பள்ளிக்கூடம், மார்க்கெட், மீன்பிடித் துறைமுகத்தின் ஏலக்கூடம் என்று பொதுக் கட்டடங்களின் கூரைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

சினிமாவுக்கு வருகிறேன். நடிப்பையோ இசையையோ நான் குறை சொன்னதில்லை. அந்தப் படங்களில் எண்ணூர்ப் புகைபோக்கி சண்டைக் காட்சிக்குப் பின்னால் அழகாக நிற்கிறது. அதன் அடியில் இருமுகிற ஒரு கிழவியைக்கூடக் காட்டுவதில்லை. நம் பையன் திரையில் வந்தால் கையில் கத்தி இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். கேரம் போர்டு இல்லாத தெரு உண்டா நம் பக்கம்? வியாசர்பாடியில் பந்தைத் துரத்தாத பையன் உண்டா? சாவு வீட்டில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து துக்கத்தைப் பாட்டாக்குகிற கானாவை எடுத்துக்கொண்டு போய்க் குத்துப் பாட்டாக மட்டும் திருப்பிக் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் கேட்காமல் இருந்தால் இந்த ஊரில் பத்திரிகை நடத்த எனக்கு என்ன தகுதி?

பிடித்தவை கேட்டீர்கள். கேரம், கானா, 2021-ல் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோ, ராத்திரி ஐபிஎல். எல்லாமே கரன்ட்டோடு சேர்த்துத்தான் பிடிக்கும்.

தலையங்கம் எதைப் பற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1970-ல் தொடங்கிய 450 மெகாவாட் எண்ணூர் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். அதே இடத்தில் 660 மெகாவாட்டுக்குப் புதிதாகக் கட்டப் போவதாகச் சொல்லி 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அங்கே எழுந்து நின்று வேண்டாம் என்று சொன்னவர்கள் வீட்டிலும் போன் இருக்கிறது, டிவி இருக்கிறது. அவர்கள் கேட்பதைத்தான் நானும் கேட்கிறேன். முதலில் இருக்கிற குழாயை மாற்றுங்கள், ஆற்றில் கிடக்கிற சாம்பலை அள்ளுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களின் புகைபோக்கிகளில் கந்தகக் கருவியை மாட்டுங்கள். இது மூன்றும் நடக்கிற வரைக்கும் அந்தத் தலையங்கம் வந்துகொண்டுதான் இருக்கும்.