வாசகர் கேள்வி: பழைய கூரையைக் கழற்றினால் எங்கே கொட்டுவது?

கேள்வி: ஐயா, அப்பா தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் வாங்கிய தரைவீடு எங்களுடையது. முன்பக்கம் சிமெண்டு ஓடு, பின்னால் சமையல்கட்டுக்கு மேல் நெளிநெளியாகச் சாம்பல் நிறத் தகடு. இரண்டுமே ஒழுகுகிறது. தீபாவளிக்குள் மாற்றணும். குத்தகையாளர் கூரைக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு, பழையதை நீங்களே அப்புறப்படுத்திக்கொள்ளுங்கள் என்கிறார். தம்பி, பெரிய ரோரோ பின்னாக (லோரியில் கொண்டுவந்து இறக்கிவைக்கும் இரும்புக் குப்பைத் தொட்டி) எடுத்தால் எல்லாம் ஒரே தடவையில் போய்விடும் என்கிறான். பக்கத்து வீட்டு அண்ணனோ, எதுக்கு வீண் செலவு, செம்பனைக் காட்டோரம் கொட்டிவிடலாம் என்கிறார். என்ன செய்வது?
(வாசகி, பகாவ்)

பதில்: சகோதரி, முதலில் அந்தச் சாம்பல் நிறத் தகட்டைப் பற்றிப் பேசிவிடுவோம், ரோரோ பின் கதையெல்லாம் அப்புறம்.

உங்கள் வீடு எப்போது கட்டினது என்று எழுதவில்லை. எழுபது எண்பதுகளில் கட்டின வீடு என்றால் அது அஸ்பெஸ்டாஸாக, அதாவது கல்நார் கலந்த தகடாக, இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிறகு வந்த அஸ்பெஸ்டாஸ் இல்லாத தகடும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. அதனால் சோதித்துத் தெரியும்வரை அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கூரையில் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழை பறக்கும், அதுதான் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இருபது முப்பது வருசம் கழித்துப் புற்றுநோயாக வருகிறது. அந்தத் தகட்டைத் தம்பியை ஏறிச் சுத்தியலால் தட்டி இறக்கச் சொல்லாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு அங்கே இருக்கவே கூடாது.

இந்தத் தகடு சாதாரண ரோரோ பின்னுக்குள் போகக் கூடாது. அஸ்பெஸ்டாஸ் தூளும் இழையும் நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிகளில் எஸ்.டபிள்யூ. 201 என்ற எண்ணில் வருகிறது, அதை எடுக்க உரிமம் பெற்றவர்கள் தனியாக இருக்கிறார்கள். சிரம்பானில் உள்ள சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தூரமெல்லாம் இல்லை, அப்படிப்பட்ட கழிவைக் கையாளும் புக்கிட் நானாஸ் நிலையமே நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. வருகிற ஆட்கள் தகட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுகிறார்களா என்று நீங்களே நின்று பாருங்கள், ஆனால் தள்ளி நின்று.

சரி, இப்போது ஓடு. தம்பி சொல்கிற மாதிரி பெரிய பின் எடுத்தால் நல்லதுதானே என்று எல்லாருக்கும் தோன்றும். ஆனால் ஓட்டுக்கு இடம் கணக்கில்லை, எடைதான் கணக்கு. சிமெண்டு ஓடு ஒன்று நாலு கிலோவுக்கு மேல் வரும், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் பத்து ஓடு போகும். உங்கள் முன்பக்கக் கூரை சரிவோடு சேர்த்து 75 சதுர மீட்டர் என்று வைத்தால் 750 ஓடு, அதுவே மூன்று டன்னைத் தாண்டிவிடும், முகட்டுச் சிமெண்டு தனி. இவ்வளவையும் 12 கன மீட்டர் பின்னில் போட்டால் கால்வாசிதான் நிறையும். மிச்ச இடம் காலியாக இருக்கிறதே என்று வீட்டில் உள்ள பழைய மெத்தை, அலமாரி, பூச்சட்டி மண் எல்லாம் போட மனசு வரும், அக்கம்பக்கமும் ராத்திரியில் கொண்டுவந்து போடும், கடைசியில் லோரிக்காரர் எடை கூடிவிட்டது என்று தூக்க மறுப்பார். ஆகவே போன் பண்ணும்போது எத்தனை டன்வரை ஏற்றலாம், கூடினால் டன்னுக்கு எவ்வளவு, எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், கொட்டுமிடக் கட்டணம் விலையில் சேர்ந்ததா என்று இந்த நாலையும் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பின் வைக்கிற இடத்தையும் யோசியுங்கள். சாலையோரம் என்றால் முதலில் நகராண்மைக் கழகத்தைக் கேட்டுவிடுங்கள். என் அம்மா வீட்டில் லோங்காங் (சாக்கடை) மூடிமேல் இறக்கி வைத்து மூடி இரண்டாகப் போனது, கொண்டுவந்தவர் கண்டுகொள்ளவே இல்லை, நாங்கள்தான் சிமெண்டு போட்டோம். வெறும் பின்னே டன் கணக்கில் எடை, அடியில் தடித்த பலகை போடச் சொல்லுங்கள், மேலே மின்கம்பி தாழ்வாகப் போகிறதா என்றும் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் சாயங்காலம் ஆனால் இடி மழைதான், அதனால் பின்னுக்கு மேல் கன்வஸ் போட்டு மூடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் தேங்கினால் போதும், ஏடிஸ் கொசு வளர்ந்துவிடும். வேலை தொடங்குகிற அன்று காலையில் பின் வந்தால் போதும், மூன்று நாள் முன்னால் வேண்டாம்.

பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் நெகிரி செம்பிலானில் 2011 செப்டம்பரிலிருந்து திடக்கழிவு பற்றிய 672ஆம் சட்டம் நடப்பில் இருக்கிறது, கண்ட இடத்தில் கட்டுமானக் கழிவைக் கொட்டினால் அபராதம் 10,000 ரிங்கிட்டிலிருந்து தொடங்கி 100,000 வரை, சிறையும் உண்டு. உங்கள் அப்பா உழைத்த மாதிரித்தான் இன்றைக்கு வேறு யாரோ அந்தக் காட்டில் குலை வெட்டுகிறார்கள். அவர்கள் காலில் உடைந்த ஓடு குத்தணுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் வெறும் ஜிங்குக் கூரைதான். அதற்கும் பின் வேண்டுமா?
(வாசகர், பகாவ்)

பதில்: வேண்டாம். ஜிங்கு ஒரு சதுர மீட்டருக்கு நாலு கிலோ அளவுதான் வரும். ஆணியைப் பிடுங்கி அடுக்கிக் கட்டி வையுங்கள், பழைய இரும்புக் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துப்போவார். நல்ல சட்டமரம் இருந்தால் அதையும் தனியாக வையுங்கள், கோழிக்கூடு கட்ட யாராவது கேட்டு வருவார்கள்.