வீட்டு ஆல்பத்திலிருந்து பொதுக் களஞ்சியத்துக்கு: கேள்வி பதில்

குடும்பங்களிடம் கிடக்கும் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, விவரம் சேர்த்து, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இணையக் களஞ்சியங்களில் ஏற்றுவது பல ஆண்டுகளாக என் வேலை. வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

கேள்வி: தாத்தாவின் ஆல்பம் என்னிடம்தான் இருக்கிறது. எனவே படங்கள் எனக்குச் சொந்தம். நேராகப் பதிவேற்றலாம் அல்லவா?

ஆல்பம் உங்களுக்குச் சொந்தம். அதிலுள்ள தாள்களும் உங்களுக்குச் சொந்தம். படத்தின் பதிப்புரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கு. படத்தில் இருப்பவருக்கும் அல்ல, பெட்டியில் பூட்டி வைத்திருப்பவருக்கும் அல்ல. பத்தில் எட்டுப் பேர் சறுக்கும் இடம் இது.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் முதலில் கேட்க வேண்டியது, எடுத்தது யார் என்பதுதான். தாத்தாவே எடுத்திருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து அனுமதி தரலாம். நீங்கள் ஒருவர் மட்டும் முடிவெடுத்துவிட முடியாது. ஸ்டுடியோ எடுத்த படமென்றால், காசு கொடுத்து எடுத்த படத்தின் உரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். காலக்கணக்கும் அப்படியே. புகைப்படத்துக்கு, பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை வைத்திருக்கும் கீழ்வரம்பு, எடுத்ததிலிருந்து 25 ஆண்டுகள். பல நாடுகள் அதைத் தாண்டி, எடுத்தவர் இறந்த பின் 50, 60, 70 ஆண்டுகள் என்று வைத்திருக்கின்றன. விக்கிப்பீடியா படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவதானால், படம் பிறந்த நாட்டிலும் அமெரிக்காவிலும் கட்டற்றதாக, அதாவது எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். 'ரொம்பப் பழைய படம்' என்பது ஒரு காலக்கணக்கு அல்ல.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் மூன்று பேர் நிற்கும் படம் ஒன்று இருந்தது. யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கழித்துவிடலாமா?

திருப்பிப் பார்த்தீர்களா? பின்புறத்தை ஸ்கேன் செய்யாமல் எந்தப் படத்தையும் கீழே வைக்காதீர்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் குறிப்பு, தாள் தயாரித்தவர் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பின்புறம் வெறுமையாக இருந்தாலும் முன்புறம் பேசும். ஒரு முறை, நாற்காலியில் ஏறி நிற்கும் குழந்தையின் படம் வந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை. 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது, குழந்தையின் தோளுக்குப் பின்னால் சுவர்க் காலண்டரின் கீழ்ப்பாதி தெரிந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் 1. கடைசி எண் 29. இருபதாம் நூற்றாண்டில் வெள்ளியில் தொடங்கி 29 நாள் ஓடிய பிப்ரவரி மூன்றே முறைதான் வந்தது: 1924, 1952, 1980. மூன்றில் எது என்பதை மேசைமேல் இருந்த பெரிய வால்வு ரேடியோ சொல்லிவிட்டது. ஆனாலும் '1952 வாக்கில்' என்றுதான் எழுதினேன். மாதம் போனாலும் காலண்டரைக் கிழிக்காத வீடுகள் உண்டு.

கழிக்க வேண்டாம். முதலில் திருப்புங்கள்.

கேள்வி: எத்தனை டிபிஐ?

காகிதப் படத்துக்கு 600. 35 மி.மீ. நெகட்டிவுக்குக் குறைந்தது 2400. ஒரு சட்டகம் 36க்கு 24 மி.மீ.தான் என்பதால், அந்த அளவில் சுமார் 3400க்கு 2270 பிக்சல் கிடைக்கும். மூலத்தைத் தரம் குறையாத டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு, பதிவேற்ற அளவு சிறிய ஜேபெக் எடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: பசைத்தாளும் பிளாஸ்டிக் உறையும் உள்ள ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. சூடு காட்டலாமா?

காட்டாதீர்கள். எதையும் தொடும் முன் பக்கத்தை முழுதாக ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே ஒரு தகவல். பிறகு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்தின் மூலையில் அடியில் செலுத்தி, ரம்பம்போல மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். அடம்பிடிக்கும் படத்தை விட்டுவிடுங்கள். ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம். பின்புறம் கிடைக்காதது நஷ்டம்தான், ஆனால் கிழிந்த முகம் அதைவிட நஷ்டம்.

கேள்வி: பெற்றோரின் கல்யாணப் படம், ஸ்டுடியோக்காரர் எடுத்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. நான் ஏற்றலாமா?

முதல் பதில்.

கேள்வி: பொதுவகம் 'வணிகத்துக்குக் கூடாது' என்ற நிபந்தனையோடு படங்களை ஏற்பதில்லையாம். என் பாட்டியின் முகத்தை யாரோ சோப்பு உறையில் அச்சிட்டு விற்க நான் ஏன் அனுமதி தர வேண்டும்?

நியாயமான கோபம். ஆனால் 'வணிகம்' என்றதும் நினைவுக்கு வருவது சோப்பு. நடைமுறையில் அந்தச் சொல் யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள்: விலை போட்ட பாடநூல், சந்தா வாங்கும் நாளிதழ், நுழைவுக் கட்டணம் வைத்த கண்காட்சி, தன் ஆய்வை நூலாக்கி விற்கும் மாணவி. இவர்கள் உரிமத்தைப் படித்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். சோப்புக்காரர் படிக்கவே மாட்டார்.

தவிர, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (படத்தை எவரும் பயன்படுத்தலாம் என்று நீங்கள் தரும் பொது அனுமதி) பதிப்புரிமையை மட்டும்தான் திறக்கிறது. படத்தில் இருப்பவரின் அந்தரங்க உரிமை, தன் உருவத்தின் மீதான உரிமை ஆகியவை அந்தந்த நாட்டுச் சட்டப்படி தனியே நிற்கும். உங்கள் ஆதரவு தமக்கு உண்டு என்று காட்டிக்கொள்ளவும் உரிமம் இடம் தருவதில்லை. 'அதே உரிமத்தில் பகிர்க' என்ற வகையைத் தேர்ந்தால், உங்கள் படத்தைத் திருத்தி வெளியிடுபவர் தம் ஆக்கத்தையும் அதே போலத் திறந்துவைக்க வேண்டும். பெரும்பாலான விளம்பரக்காரர்களுக்கு அது கசக்கும்.

கேள்வி (அதே நபர்): சட்டம் தனியே நிற்கும் என்கிறீர்கள். இறந்துபோன பாட்டிக்காக எந்த நீதிமன்றத்தில் நான் போய் நிற்பது?

பல நாடுகளில் எங்கும் நிற்க முடியாதுதான். அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் யாரையும் நான் வற்புறுத்துவதில்லை. இந்த உரிமத்தைக் கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. ஒரு படத்தைப் பற்றி வயிற்றில் சிறு கலக்கம் இருந்தால், அந்தப் படம் வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் 'கொடுக்கிறேன், ஆனாலும் என் பிடியிலேயே இருக்க வேண்டும்' என்பது கொடுப்பது ஆகாது.

கேள்வி (வேறொருவர்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். யாரென்றே தெரியாதவர்களின் படங்களை மட்டும் தாராளமாக ஏற்றுகிறார்களே, அவர்களிடம் யார் கேட்டார்கள்?

இதுதான் என்னையும் உறுத்தும் கேள்வி. ஹங்கேரியின் ஃபோர்டெபான் களஞ்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புடாபெஸ்டில் வீட்டுக் கழிவுகளைத் தெருவில் குவிக்கும் நாட்களில் இரண்டு நண்பர்கள் பொறுக்கிச் சேர்த்த படங்களில் பிறந்தது அது. 2010இல் இணையத்துக்கு வந்தது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். படத்திலிருந்த யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு குடும்பங்கள் தாமாகவே தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தன என்பதும் உண்மை. குப்பை வண்டியில் போயிருக்க வேண்டிய ஒரு நூற்றாண்டு மிஞ்சியது. நான் அவர்கள் பக்கம்தான். ஆனால் குப்பையில் போட்டவர், போடும்போது இதற்குச் சம்மதித்தார் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கேள்வி (சோப்பு உறை பற்றிக் கேட்டவர்): அப்படியானால் நான் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

பாதி. உயிரோடு இருப்பவர்கள், குழந்தைகள், மருத்துவமனைக் கட்டில், குளியல், துக்க வீடு: இவற்றில் உரிமம் சரியாக இருந்தாலும் நான் ஏற்ற மாட்டேன். தெருவில் குடையோடு நடக்கும் உங்கள் பாட்டியை ஏற்றுவேன். உங்கள் பாட்டி, உங்கள் முடிவு. மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கி ஏற்றினால் பார்ப்பவர்களுக்கு நன்றாக இருக்குமே?

அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் அத்தையாக இருக்காது. அந்த மென்பொருள் மங்கலுக்குள் ஒளிந்திருந்த முகத்தைத் தேடி எடுப்பதில்லை. தான் பார்த்த லட்சக்கணக்கான முகங்களிலிருந்து பொருத்தமான ஒன்றை வரைந்து ஒட்டுகிறது. மாறுகண் நேராகிவிடும், அம்மைத் தழும்பு காணாமல் போகும், எல்லோருக்கும் ஒரே பல்வரிசை வரும். இருபது ஆண்டு கழித்து ஒருவர் அதையே ஆதாரம் என்று காட்டுவார். மூலத்தை அப்படியே ஏற்றுங்கள். திருத்தியதை ஏற்றியே தீருவேன் என்றால், தனிக் கோப்பாக, திருத்தியது என்று தலைப்பிலேயே எழுதி ஏற்றுங்கள்.

கேள்வி: மாமா எடுத்துக் கொடுத்த படம், ஆல்பம் என்னிடம்...

முதல் பதில். முதல் பதில்.

கேள்வி: நெகட்டிவ் பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கிறது.

அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். மற்ற ஃபிலிம்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆவி பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். சுருங்கி நெளியும் முன் ஸ்கேன் செய்யுங்கள். மற்ற வேலைகள் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

கேள்வி: விவரத்தைப் படத்தின் பின்னால் பேனாவில் எழுதலாமா?

பென்சில். மென்மையானது. அழுத்தாமல்.

கேள்வி: எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

அடுத்து.

கேள்வி: மூன்று பேர் நிற்கும் படம் பற்றிக் கேட்டிருந்தேன். திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் 'எடுத்தது தம்பி' என்று இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

எடுத்தவர் யார் என்பதில் பாதி கிடைத்துவிட்டது. இப்போது அந்த எழுத்து யாருடையது என்று பார்க்க வேண்டும். பாட்டி எழுதியதென்றால் பாட்டியின் தம்பி. தாத்தா எழுதியதென்றால் தாத்தாவின் தம்பி. வீட்டில் எல்லோரும் 'தம்பி' என்றே கூப்பிட்ட ஒருவர் இருந்திருந்தால் வேறு கதை. பழைய கடிதம், கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அந்தக் கையெழுத்தை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் ஸ்கேன் நாளைக்கு இருக்கட்டும், இன்று மாலை அவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.