நான்காவது ஆள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினைந்து வயது. இங்கே ஒரு கிளப்பில் டிராக் சைக்கிள், அதாவது சரிவான மரத்தளத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயச் சைக்கிள், ஓட்டுகிறாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய ஆண்கள் டீம் பர்சூட் என்ற அணிப் பந்தயத்தில் தங்கம் வாங்கியதிலிருந்து வீட்டில் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. எனக்கு அந்தப் போட்டியே பிடிபடவில்லை. நான்கு பேர் தொடங்குகிறார்கள், மூன்று பேர் முடித்தால் போதும் என்கிறார்கள். நான்காவது ஆள் பாதியில் ஒதுங்கிவிட்டு, அப்புறம் மேடையில் ஏறி அதே தங்கத்தை வாங்குகிறார். இது என்ன நியாயம்?

என் மகளைக் கோச் எப்போதும் முதல் ஆளாகத்தான் நிறுத்துகிறார். ஆரம்பத்தில் முழு மூச்சாக ஓட்டவிட்டு, முடிய மூன்று நான்கு சுற்று இருக்கும்போது ஒதுங்கச் சொல்லிவிடுகிறார். கடைசியில் கைதட்டல் மற்ற மூன்று பெண்களுக்கு. கறிவேப்பிலை மாதிரி வாசனைக்குப் போட்டுவிட்டு ஒதுக்கி வைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவளைத் தனிநபர் போட்டிக்கு மாற்றிவிடலாமா? நல்ல கார்பன் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தால் முன்னேறுவாளா? இந்தியா ஏன் இந்த விளையாட்டில் எங்குமே இல்லை?

சு., மெல்பர்ன்

அன்புள்ள சு.,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். கேள்விகள் கடினம் என்பதால் இல்லை. கறிவேப்பிலை என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது என்னை உட்கார விடவில்லை. கடிதம் வருவதற்கு முன்பிருந்தே நான் வேறொரு காரணத்துக்காக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். கார்பன் சைக்கிள் இப்போது வேண்டாம். வளர்கிற பெண், கிளப் சைக்கிளே போதும். பணத்தைக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2021இல் டோக்கியோ தகுதிச் சுற்றில் உங்கள் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் போர்ட்டருக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில்பார் உடைந்து கையோடு வந்துவிட்டது. முகம் அடிபட விழுந்தார். ஒரு நாட்டின் ஒலிம்பிக் அணி ஓட்டிய சைக்கிள் அது.

இந்தியா எங்குமே இல்லை என்று எழுதியது தப்பு. 2019இல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில், டீம் ஸ்பிரிண்ட்டில் இந்தியப் பையன்கள் தங்கம் வாங்கினார்கள். எசோவ் ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங். விசாரிக்காமலே நம் பிள்ளைகளைக் குறைத்துப் பேசும் பழக்கத்தை விடுங்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் முக்கியமாக. அந்த டீம் ஸ்பிரிண்ட்டில் மூன்று பேர், மூன்று சுற்று. முதல் ஆள் ஒரே ஒரு சுற்று இழுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார், இரண்டாம் ஆள் அடுத்த சுற்றோடு சரி. அந்த முதல் பையனையும் கறிவேப்பிலை என்பீர்களா?

இனி பர்சூட். 250 மீட்டர் டிராக்கில் 16 சுற்று, 4 கிலோமீட்டர். இரண்டு அணிகள் எதிரெதிர்ப் பக்கத்தில் தொடங்கி ஒன்றையொன்று துரத்துகின்றன. மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும் நொடியில் கடிகாரம் நிற்கும். விதி இவ்வளவுதான். ஆனால் இந்த விதிக்குள் என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை. மகள் ஓட்டும் ஒரு போட்டியைக் கண்ணைத் திறந்து பார்க்காமல், கடைசிக் கைதட்டலை மட்டும் எண்ணிக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கோபமாகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், கோபம்தான்.

சமதரையில் சைக்கிளுக்கு எதிரி காற்று ஒன்றுதான். பாரிஸில் இறுதிக்கு முந்தின கட்டத்தில் ஆஸ்திரேலியா இந்த 4 கிலோமீட்டரை 3 நிமிடம் 40.730 வினாடியில் ஓட்டியது, அன்றைக்கு அது உலக சாதனை. மணிக்கு 65 கிலோமீட்டர். அந்த வேகத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வருகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதற்காகத்தான் ஒருவர் பின்சக்கரத்துக்கும் அடுத்தவர் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட விடாமல் ஓட்டுகிறார்கள். சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. முன்னால் இழுத்தவர் தன் முறை முடிந்ததும் வளைவில், சுவர் மாதிரி நிற்கும் அந்த மரச்சரிவில் மேலே ஏறுகிறார். மூன்று பேரும் கீழே அவரைத் தாண்டிப் போகிறார்கள். அவர் சரிவில் இறங்கி, கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அரை நொடி பிசகினால் ஒட்ட முடியாது, காற்று நடுவில் புகுந்துவிடும்.

இப்போது உங்கள் மகளுடைய இடத்தைப் பாருங்கள். அவள் முதல் ஆள். இயந்திரம் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எண்ணிக்கை முடிந்ததும் விடும். ஒரே கியர், அதுவும் முழு வேகத்துக்கென்று வைத்த கனமான கியர். அதை நின்ற இடத்திலிருந்து புரட்டி எடுக்க வேண்டும். மலை உச்சிக்கென்று கட்டிய மூட்டையை அடிவாரத்திலேயே தலையில் ஏற்றிவிட்ட மாதிரி. மற்ற மூன்று பேரும் அதே கனத்தைத்தான் புரட்டுகிறார்கள், ஆனால் வரிசை சேர்ந்ததும் அவள் நிழலில் வந்து அமர்ந்துவிடுவார்கள். அவளுக்கு நிழல் கிடையாது. அவள் ஒரு துளி கூடுதலாக எடுத்தால் பின்னால் வருகிறவர்களின் கால் அப்போதே வெந்துபோகும். ஒரு துளி குறைத்தால் அந்தக் கடனை மிச்சச் சுற்றுகளில் மூன்று பேரும் அடைக்க வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பெண்ணை நம்பி இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார் கோச். நீங்கள் அவரைச் சந்தேகப்படுகிறீர்கள்.

2021 ஆகஸ்ட் 4, டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டி. இத்தாலியும் டென்மார்க்கும். கடைசிக் கிலோமீட்டரில் டென்மார்க்தான் முன்னால். அங்கிருந்து ஃபிலிப்போ கன்னா முன்னுக்கு வந்து இழுத்த இழுப்பை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. 3:42.032, இத்தாலிக்குத் தங்கம். வித்தியாசம் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மறுநாள் எல்லாரும் கன்னா, கன்னா என்றார்கள். சரி, அவர் பெரிய ஆள்தான். ஆனால் அந்த ஓட்டத்தைத் தொடங்கி வைத்து வேகம் ஏற்றியவர் ஃபிரான்செஸ்கோ லமோன். அவர் ஆரம்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு வினாடி தாமதித்திருந்தால் அந்தத் தங்கம் கோபன்ஹேகனுக்குப் போயிருக்கும். கன்னாவின் காலில் கடைசியில் மிச்சமிருந்த பலத்தில் லமோனுடைய பங்கும் இருந்தது. லமோனுக்கு எதற்கு அதே தங்கம் என்று கேட்பீர்களா?

நான்காவது ஆள் ஒதுங்குவதும் மூன்றாவது ஆள் பிரிந்துபோவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், கைதட்டலைப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அதே டோக்கியோவில் முந்தின நாள், பிரிட்டன் அணியில் நான்காவது ஆள் போன பிறகு, சார்லி டான்ஃபீல்டுக்கு முன்னால் போன இருவரையும் பிடிக்க முடியவில்லை. அவர்தான் மூன்றாவது. அவர் வந்தால்தான் கடிகாரம் நிற்கும். தனியாகக் காற்றில் மாட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தவர் மேல், பின்னாலிருந்து துரத்தி வந்த டென்மார்க்கின் ஃபிரெட்ரிக் மேட்சன் தலையைக் குனிந்தபடி வந்து முழு வேகத்தில் மோதினார். இரண்டு பேரும் விழுந்தார்கள். மேட்சன் கண்ணில் டான்ஃபீல்டு படவே இல்லை. அந்த வேகத்தில் தலையைத் தூக்கினாலே நேரம் போகும், தரையில் இருக்கும் கறுப்புக் கோடு ஒன்றுதான் அவர்களுடைய உலகம். டான்ஃபீல்டு மூன்று வருடம் கழித்து பாரிஸில் வெள்ளி வாங்கிய அணியில் இருந்தார். அதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

2012இல் லண்டனில் பெண்களுக்கு முதன்முதலாக ஒலிம்பிக்கில் டீம் பர்சூட் வைத்தபோது அணிக்கு மூன்று பேர்தான், 3 கிலோமீட்டர்தான். மூன்று பேருமே முடித்தாக வேண்டும். உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு ஒதுங்கும் உரிமை யாருக்கும் இல்லை. நான்கு பேர், 4 கிலோமீட்டர் என்பது ஒலிம்பிக்கில் 2016 ரியோவில்தான் வந்தது. உங்கள் மகள் நிற்கும் இடம் பெண்களுக்குக் கிடைத்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதிலிருந்து அவளை இறக்கிவிட நினைக்கிறீர்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். கறிவேப்பிலையாக ஆக்கப்பட்ட ஒருவனை எனக்குத் தெரியும். ஆக்கியவர்களில் நானும் ஒருவன்.

1979, ஆடி மாதம். பணகுடியிலிருந்து நாகர்கோவிலுக்கு நாங்கள் நாலு பேர் வாடகை சைக்கிளில் போனோம். பள்ளிகளுக்கு இடையே கபடிப் போட்டி. அன்று பஸ் ஓடவில்லை. டீமில் மற்றவர்கள் முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீடுகளில் தங்கிவிட்டார்கள். முப்பது கிலோமீட்டர் போல இருக்கும். தூரம் பெரிதில்லை, ஆடிக் காற்று பெரிது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்று அது. காவல்கிணறு தாண்டினால் நேரே நெஞ்சில் அடிக்கும். அப்போது முப்பந்தலில் காற்றாலை ஒன்றுகூட கிடையாது, காற்று மட்டும் இருந்தது. எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் மண்.

எங்களில் ஒருவன், பெயர் வேண்டாம், காவல்கிணற்றில் முன்னால் போனவன் பின்னால் வரவேயில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று கத்தினோம். "பாடிப் போறது நீங்கல்லா, நான் நின்னு பிடிக்கவன்தானே, பின்னாலயே வாங்கடே" என்றான். அவன் முதுகுச் சட்டை காற்றில் பாய்மரம் மாதிரி உப்பியிருந்தது. அதற்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாகப் போனோம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் தாண்டியது, ஆரல்வாய்மொழி தாண்டியது. தோவாளை பக்கம் வரும்போது அவனுக்கு இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. சைக்கிளோடு ரோட்டோரம் சாய்ந்தான். நீங்க போங்க, நேரமாச்சு என்றான். நாங்கள் போனோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் மைதானத்துக்கு வரும்போது ஆட்டம் முடியப் போகிறது. வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெயித்தோம். களத்தில் இறங்கிய ஏழு பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயர் எழுதிய அட்டை இன்றும் தகரப்பெட்டியில் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர் எப்படி ஆடத் தெம்புள்ள காலோடு அங்கே வந்து சேர்ந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியது நான். வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது காற்று முதுகில். காவல்கிணறு வரை யாரும் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் ஒன்றும் பேசாமல் வந்தான்.

போன மாதம் தோவாளைப் பூச்சந்தையில் அவனைப் பார்த்தேன். விடியற்காலை, பிச்சிப்பூ எடை போட்டுக்கொண்டிருந்தான். நாற்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கே கூட்டத்துக்கு நடுவில் சொன்னேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "அன்னைக்குச் சரியான காத்துல்லா" என்றான். அப்புறம் ஒரு பொட்டலம் பூவைக் கட்டி என் கையில் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

உங்கள் கடிதம் வந்தது அதற்கு மூன்றாம் நாள்.

பர்சூட்டில் முதல் ஆளின் ஒவ்வொரு சுற்று நேரமும் தாளில் ஏறுகிறது. அவள் ஒதுங்கினாலும் அந்த எண்கள் இருக்கும். கோச் அதை அவளுக்குக் காட்டுகிறாரா, ஓட்டம் முடிந்ததும் மற்ற மூன்று பெண்களும் அவளிடம் போகிறார்களா, இந்த இரண்டையும் பாருங்கள். காட்டவில்லை, போகவில்லை என்றால் கிளப்பை மாற்றுங்கள், நானே சொல்கிறேன். அப்போதும் தனிநபர் போட்டிக்கு மாற்றுவதா என்பதை அவள் சொல்லட்டும். அவளுக்கு எது பிடித்திருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த போட்டிக்கு முடிவுக்கோட்டுப் பக்கம் உட்காராதீர்கள். அவள் தொடங்கும் இடத்துக்கு நேரே போய் நில்லுங்கள். அவளுடைய முதல் சுற்று நேரம், இரண்டாம் சுற்று நேரம், இரண்டையும் அவளிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.