மேற்கு வெயிலுக்கு என்ன ஜன்னல் போடலாம்?

சித்திரை பிறந்தால் போதும், ஜன்னல் கேள்விகளாகவே வருகின்றன. இந்த முறை வந்தவற்றில் சில.

மதுரையில் மேற்குப் பார்த்த ஹால். அலுமினியம் சூட்டை இழுக்கும், யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக் சட்டம்) போடு என்கிறார்கள். போட்டால் ஹால் குளிருமா?

குளிராது. யுபிவிசியைவிட அலுமினியம் ஏறக்குறைய 1000 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மைதான். சாயங்காலம் நாலு மணிக்குச் சட்டத்தைத் தொட்டால் கையே சொல்லிவிடும். ஆனால் ஒரு ஜன்னலில் சட்டம் எவ்வளவு, கண்ணாடி எவ்வளவு? வெயில் பெரும்பாலும் வருவது கண்ணாடி வழியாக. மேற்கு வெயில் சாய்ந்து அடிப்பதால் 2 அடி சன்ஷேடுக்கு அது அடங்காது. உள்ளே திரை போட்டாலும் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகுதான் தடுக்கிறீர்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

அந்த ஹாலில் ஏசி ஓடப்போகிறது என்றால் மட்டும் கதை வேறு. அப்போது ரப்பர் வைத்து இறுக்கமாக மூடும் யுபிவிசி கேஸ்மென்ட் ஜன்னல், அதாவது கதவுபோல் திறந்து மூடும் ஜன்னல், நல்லது.

யுபிவிசி வெயிலில் உருகிவிடாதா?

யுபிவிசி இளக 80 டிகிரி வரை வேண்டும். வெள்ளைச் சட்டம் நம் ஊர் வெயிலில் அந்த அளவுக்குப் போகாது. கவலைப்பட வேண்டியது வளைவதைப் பற்றித்தான். 2 மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். அடர் பழுப்பு நிறம் எடுத்தால் இன்னும் அதிகம். அதைப் பிடித்து நிறுத்துவது உள்ளே செருகும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். என் வீட்டு மாடி ஜன்னல் இரண்டே கோடையில் வில்லாக வளைந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறும் காற்று! அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் சட்டத்தை வெட்டி ஒரு துண்டு காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. அலுமினியம் துருப்பிடிக்காது என்றார்கள். இப்போது வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

இரும்புபோல் செந்துரு பிடிக்காதே தவிர, உப்புக்காற்று அலுமினியத்தையும் அரிக்கும். முதலில் திருகாணியைப் பாருங்கள். சாதாரண இரும்புத் திருகாணி போட்டிருந்தால் அதைச் சுற்றித்தான் அரிப்பு தொடங்கியிருக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். புதிதாகக் கட்டுவதாக இருந்தால் யுபிவிசிதான் சொல்வேன். அதிலும் கீலும் தாழ்ப்பாளும் இரும்புதான் என்பதை மறக்காதீர்கள்.

கும்பகோணத்தில் தாத்தா காலத்துத் தேக்கு ஜன்னல். ஐப்பசி மழையில் ஊதி, மூடவே முடியவில்லை. மாற்றிவிடலாமா?

ஐயோ, வேண்டாம். மழை நாளில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கவும் வேண்டாம். ஊதியிருக்கும்போது இழைத்தால் பங்குனியில் மரம் சுருங்கி, விரல் நுழையும் இடைவெளி விழும். தை கழியட்டும். அப்போதும் இடித்தால் அந்த இடத்தை மட்டும் லேசாக இழைக்கலாம். கதவைக் கழற்றி அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் பெயின்ட் பட்டிருக்காது, தண்ணீர் ஏறுவது அதன் வழியாகத்தான். நன்றாகக் காய்ந்ததும் அடிவிளிம்புக்கு இரண்டு கை பெயின்ட் அடியுங்கள்.

ஸ்லைடிங்கா, திறந்து மூடுவதா?

ஏசி இல்லாத அறை என்றால் திறந்து மூடுவதுதான். இரட்டைக் கதவு ஸ்லைடிங்கில் எப்படித் தள்ளினாலும் பாதி ஜன்னலுக்குத்தான் காற்று வரும். பால்கனியில் கதவு விரிய இடமில்லாவிட்டால் ஸ்லைடிங் போட்டுக்கொள்ளுங்கள்.