இலவசமாகக் கிடைத்த நாட்டு விதையை வேறொருவரோடு மாற்றிக்கொள்ளலாமா?

ஒருவர் சும்மா கொடுத்த குடுவைச் சுரை விதையைக் கொடுத்து, இன்னொருவரிடம் மிதிபாகல் விதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் கைக்கு வந்த பொட்டலத்தை அப்படியே தள்ளிவிடாதீர்கள். விதைத்து, காயை முற்றவிட்டு, உங்கள் கொடியில் எடுத்த விதையைக் கொடுங்கள். காசுக்கு விற்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சுரையில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்து மாடியில் நீட்டுச் சுரை இருந்தால் கலந்துவிடும். இந்தக் காயில் தெரியாது, அடுத்த தலைமுறையில்தான் வடிவம் மாறும். பூ சாயங்காலம் விரியும் என்பதால், மதியமே ஆண், பெண் மொட்டுகளை நூலால் கட்டிவையுங்கள். மாலையில் அவிழ்த்து, ஆண்பூவைப் பெண்பூவில் தடவி, மறுபடி கட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் 'கலந்திருக்கலாம்' என்று பொட்டலத்திலேயே எழுதிவிடுங்கள். ரகம், ஊர், விதை எடுத்த மாதம் ஆகியவற்றையும் எழுதுங்கள்.

உங்களுக்கு முதலில் விதை தந்தவரை மறக்காதீர்கள், அவருக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த மறைந்த நெல் ஜெயராமன் 2 கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார். எனக்குச் சுரை விதை தந்த அக்காவின் கொடி போன மழையில் அழுகிப்போனது. நான் திருப்பிக் கொடுத்திருந்த 12 விதையில்தான் மறுபடி பந்தல் ஏற்றினார்.